வயதுக் கட்டம்

அப்பா குடல் புற்றுநோயில் போனவர். நாற்பத்தொன்பது வயதில் அவர் எடுத்த பரிசோதனைத் தாளில், வயது ஐம்பத்திரண்டு என்று அடித்திருந்தார்கள். "என்னைக் கெழவனாக்கிட்டானுங்க" என்று சிரித்தார். ஐம்பத்திரண்டிலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய ஃபைலைப் பூட்டிவைத்திருந்த மகளுக்கு மட்டும்தான் அது ஞாபகம்.

இப்போது பிள்ளைகள் மூவருக்கும் மரபணுப் பரிசோதனை, அப்பா எடுத்த அதே லேபில். அவளுக்கும் தம்பிக்கும் அப்பாவின் மரபணுக் கோளாறு இறங்கியிருந்தது. அண்ணனுக்கு இல்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது, தாளில் அறுபத்துமூன்று. முப்பது வயதுத் தம்பிக்கு எழுபத்தொன்று.

"கம்ப்யூட்டர் தப்பா எடுத்திருக்குங்க. குடுங்க, திருத்தித் தரேன்" என்றாள் கவுன்ட்டர் பெண். திருத்தி அடித்தாள். மறுபடியும் அதே அறுபத்துமூன்று, அதே எழுபத்தொன்று.

அண்ணன் தன் தாளை விசிறி மாதிரி ஆட்டினான். "எனக்குக் கோளாறும் இல்ல, வயசும் கரெக்ட். நாப்பத்தொண்ணு! அடுத்த மாசம் நாப்பத்திரெண்டு பொறக்குது, எல்லாருக்கும் என் செலவுல சாப்பாடு."

அவளுக்கு அப்பா தாளின் ஐம்பத்திரண்டு நினைவுக்கு வந்தது. கவுன்ட்டர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"எங்க அண்ணனோடதையும் கொஞ்சம் திருத்திக் குடுங்களேன்."

அந்தப் பெண் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல திருத்த என்னங்க இருக்கு? சரியாத்தானே இருக்கு."