திருடன் கொண்டுபோன ஒரே பொருள்

பூட்டை உடைத்துப் புகுந்த திருடன் தோசைத்திருப்பியை மட்டும்தான் கொண்டுபோயிருந்தான். பீரோவை அவன் தொடவே இல்லை; மேசைமேல் பூங்கோதை கழற்றி வைத்திருந்த வளையல்கூட அப்படியே கிடந்தது. அன்று அவள் வேலையிலிருந்து திரும்பியபோது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமனார், "திருடன் ஓடிட்டாம்மா" என்றார். அவர் ஒருமுறை கடைக்குப் போய் வழிதவறியதிலிருந்து, அவளும் கணவனும் தினமும் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்கள். வயதான மனிதரை ஒன்றும் செய்யாமல் விட்டானே என்று அவள் கும்பிடாத சாமியில்லை.

மறுநாள் புதுப் பூட்டுப் போட வந்த யாகூப், பையைத் திறக்காமல் முதலில் கதவின் இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்தான். பிறகு உள்பக்கம் குனிந்து, கதவு நிலையில் விழுந்திருந்த பிளவிலிருந்து எதையோ குறட்டால் பிடுங்கி நீட்டினான். தோசைத்திருப்பியின் முனை.

"வெளிப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லக்கா. இது உள்ளேர்ந்து நெம்பினது."

பூங்கோதை மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய வலது கை நேற்றிலிருந்து தோள்துண்டுக்குள்ளேயே இருந்ததை இப்போதுதான் கவனித்தாள்.

யாகூப் வேலையை முடித்து மூன்று சாவிகளை அவளிடம் கொடுத்தான். "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அண்ணனுக்கு. இன்னொண்ணு சும்மாதான் இருக்கும், பத்திரமா வைங்க."

துண்டுக்குள்ளிருந்து கொப்புளம் கட்டிய கை ஒன்று வெளியே வந்து, அவள்முன் விரிந்தது.