அறுநூறு சுற்று

“மத்த மூணு மெஷினும் நிமிஷத்துக்கு அறுநூறு சுத்துது. உன்னுது மட்டும் முந்நூறு. தூங்கறியா ஏஞ்சல்?”

புது இன்ஜினியர் அன்புராஜ், சுற்றுகளை எண்ணும் டேக்கோமீட்டரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். கும்மிடிப்பூண்டியில் மாட்டுத் தீவனம் கலக்கும் ஆலை அது.

“நாலு மெஷின்லயும் மூட்டை ஒரே அளவுதான் வருது சார்.”

“எனக்கே பாடமா? முந்நூறா இருந்த ஸ்பீடை நான் வந்து ஒரே மாசத்துல டபுளாக்கியிருக்கேன். முதலாளிக்கு ரிப்போர்ட்டும் போயிடுச்சு. உன்னாலதான் அசிங்கம். நாளையிலேர்ந்து கூட்டற வேலைக்குப் போ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து வருடமாக அவள் ஓட்டிய மெஷின். ஏஞ்சலுக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று தன் மீதே வெறுப்பு வந்தது.

“அந்த மீட்டரு இன்னாத்த சார் எண்ணுது?”

“சுத்தற தண்டு, அந்த ஷாஃப்ட்ல நான் ஒட்டின பளபளப்பு ஸ்டிக்கரை. ஒரு தடவை மின்னினா ஒரு சுத்து. இதுகூடத் தெரியாம மெஷின் ஓட்ட வந்துட்டா!”

“அப்ப அந்த மூணு மெஷினையும் நிறுத்திப் பாருங்க. போன வாரம் ஆயுத பூஜைக்கு ஷாஃப்ட்டுக்கு ஒண்ணுன்னு ஜிகினாப் பொட்டு வச்சாங்க. அதுவுந்தானே மின்னும்? நான் அன்னிக்கு லீவு, என் மெஷினுக்கு யாரும் வைக்கல.”

மெஷின்கள் நின்றன. மூன்றிலும் ஸ்டிக்கருக்கு எதிர்ப்பக்கம் ஜிகினா மின்னியது.

அன்புராஜ் சட்டைப் பையிலிருந்து இன்னொரு ஸ்டிக்கரை எடுத்து, ஏஞ்சலின் மெஷினில் அழுத்தி ஒட்டினார்.

“ரிப்பேர் பாத்துட்டேன். இப்ப உன்னுதும் அறுநூறு. நீயே ஓட்டு” என்றார்.