நீலக் கோடு போட்ட சட்டை

"அந்தம்மா மட்டும் வேண்டாம்" என்றான் செழியன்.

"அவுகளை விட்டா வேற ஆளு இல்லையே சார்" என்றான் மாரிக்கண்ணன், சமுதாயக் கூடத்துச் சாவி வைத்திருப்பவன்.

எம். புதுப்பட்டிக்கு 'ஊர்த் தொடர்பு வரைபடம்' போட வந்திருந்தான் செழியன். ஆபத்து என்றால் யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று வட்டங்கள் போட்டு, கோடுகளால் இணைத்து, சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால், திட்டத்தின் அருமையை ஊருக்குள் எடுத்துச் சொல்லப் பத்து முன்னோடிகளைச் சேர்க்க வேண்டும். ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். மாலைக்குள் பத்தாவது பெயர் போகாவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். அவன் வேலையும் போய்விடும்.

கிடைத்த ஒன்பதும் ஒன்பது ரத்தினங்கள்; போட்டோவுக்காகக் கூடத்திலேயே காத்திருந்தார்கள். நாற்பது ஏக்கர் சிவபாண்டி, "போட்டோவுல நடுவுல யாரு நிக்கது?" என்று கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்துப் போட்டார். வேலுச்சாமி, கழுத்தில் தொங்கவிடுகிற அட்டை எப்போது வரும் என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

அவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களைச் செழியன் புரட்டினான். 'ஆபத்து என்றால் முதலில் யாரிடம் போவீர்கள்?' என்ற கேள்விக்குச் சிவபாண்டி, 'எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்' என்று எழுதியிருந்தார். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து அதற்கடுத்தவர். ஒன்பது வட்டங்கள் வரைந்தாயிற்று. இழுப்பதற்கு ஒரு கோடுகூட இல்லை.

"இருளம்மா அக்காவைப் போடுங்க சார்" என்றான் மாரிக்கண்ணன் மறுபடி.

"யோவ், திட்டத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஊர் வம்பு பேசுறதே அந்தம்மாவுக்குப் பொழைப்பு. தினமும் காலையில பார்க்கிறேனே!"

பார்க்கத்தான் செய்தான். விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்தில் தையல்காரி இருளம்மாள் ஆஜராகிவிடுவாள்.

"ஏய் பானு, இன்னைக்கு எந்தக் கம்பெனி? சேலை புதுசால்ல இருக்கு! தள்ளி நில்லு, பாப்போம்... மயில் பச்சை!"

ஒருத்தியை விடமாட்டாள். ரவிக்கைக்கு ஆர்டர் பிடிக்கிறாள் என்று முதலில் நினைத்தான். பிறகு, இது பிறவிக் குணம் என்று முடிவுகட்டினான். இன்று காலை அவனையே மறித்துவிட்டாள்.

"தம்பி, எங்கன கிளம்பிட்டீக? கம்பெனிக்கா?"

"ஆமா."

"எந்தக் கம்பெனி?"

"ஏதோ ஒண்ணு. உங்களுக்கு எதுக்கும்மா?"

"சும்மாதான். நீலக் கோடு போட்ட சட்டை, நல்லாத்தான் இருக்கு" என்றாள். தொலையட்டும் என்று பொய் சொல்லிவிட்டு நேரே சமுதாயக் கூடத்துக்கு வந்துவிட்டான்.

"சொல்லிட்டேன், அந்தம்மா வேண்டாம்" என்று அவன் படிவங்களை மூடினான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில், இடி விழுந்தது போல. ஜன்னல் கதவுகள் தாமாக ஆடி நின்றன.

ஒன்பது முன்னோடிகளும் எழுந்து ஓடினார்கள். சிவபாண்டி செருப்பைக்கூட மாட்டவில்லை. படிவங்களும் கையுமாகச் செழியனும், மாரிக்கண்ணனும் பின்னால் ஓடினார்கள்.

அவர்கள் ரோட்டுப் பக்கம் போகவில்லை. சிவபாண்டி வீட்டுக்கும் போகவில்லை. தையல் கடைக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே பாதி ஊர் நின்றது.

இருளம்மாள் காதில் போனை வைத்திருந்தாள். கையில், அன்றைய காலண்டர் தாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து.

"நாரணாபுரத்து வேல்விழியா? எந்தப் பக்கம்டீ?... சரி... சரி." போனை இறக்கினாள். "வெடிச்சது தெக்க ஒரு கம்பெனியாம். நம்ம ஊரு ஆளு அந்தப் பக்கம் இன்னைக்கு யாரும் போகலை."

"இருளம்மா, என் மருமவன்..." என்றார் சிவபாண்டி.

"அவுகளுக்கு இன்னைக்கு வடக்க லோடு ஏத்துற வேலை. பயப்படாதீக." தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி போனை எடுத்தாள். "வேல்விழி, உங்க ஊரு ஆளுக அங்கன எம்புட்டுப் பேரு? ஒவ்வொண்ணாச் சொல்லு."

செழியன் அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். பெயர், கம்பெனி, சேலை. பெயர், கம்பெனி, சேலை.

"பேரும் கம்பெனியும் சரி. சேலை எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டான்.

மாரிக்கண்ணன் அவனைப் பார்க்காமல் பதில் சொன்னான். "கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது சார். எந்தக் கம்பெனியில ஆளு பத்தலையோ அங்கனன்னு வேன்ல ஏறும்போதுதான் சொல்லுவாக, வீட்டுக்கே தெரியாது. நெருப்புல மாட்டுன பெறவு மொகம் எங்கன இருக்கு? ஒரு சாண் துணி மிஞ்சினாப் போதும். போன வருசம் எங்க சித்தியை அக்காதான் அடையாளம் சொன்னாக."

செழியன் கையிலிருந்த படிவங்களில் காலியானதை உருவினான். அவள் போனை வைத்ததும் படிவத்தை நீட்டினான்.

"அம்மா, பத்தாவது ஆளா உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?"

"போட்டோ எடுப்பீகளாமே? எனக்குத் தைக்க வேண்டியது மலையாக் கெடக்கு."

சொல்லிவிட்டு, அப்போதுதான் பார்க்கிறவள் போல அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இங்கனதான் இருக்கீகளா!" என்று பெருமூச்சு விட்டாள். காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தாளின் கடைசி வரியை அடித்தாள்.

அடித்த பிறகும் எழுத்து தெளிவாகத்தான் தெரிந்தது.

'ஆபீசர் தம்பி. எந்தக் கம்பெனின்னு சொல்லலை. நீலக் கோடு போட்ட சட்டை.'