ஒன்பது மீன்

நிரஞ்சனா ரீச்சரின்ர மேசையில ரெண்டு சீடி கிடந்தது. ரெண்டும் சின்னப் பிள்ளையளுக்கான கணக்கு விளையாட்டு. ஒண்டைப் பள்ளிக்கு வைச்சுக்கொண்டு மற்றதைப் பின்னேரம் வவுனியாக் கடையில திருப்பிக் குடுக்கவேணும். அப்பிள் எண்ணுறதை வைக்கிறதோ, மீன் எண்ணுறதை வைக்கிறதோ?

ஆறு வயசு நிதர்சனா அப்பிளைப் பிழையில்லாமல் எண்ணினாள். மீனெண்டால் மட்டும் ஒண்டு குறைஞ்சுது. ஒன்பது மீனுக்கு எட்டை அமத்தினாள். கொம்பியூட்டர் பிழை எண்டு கீச்சிட்டுது.

"மீனில பிள்ளையள் குழம்புதுகள். அப்பிளையே வைப்பம்" எண்டா ரீச்சர்.

"ஐயோ, மீனைக் குடுக்காதேங்கோ ரீச்சர்!" நிதர்சனா அழத் தொடங்கினாள்.

அவளைக் கூட்டிப்போக வந்த தகப்பன் மத்தேயு, முந்தி நாயாற்றில கடலுக்குப் போய் மீன் பிடிச்ச மனுசன், கொம்பியூட்டரை எட்டிப் பாத்தார். "எட்டுத்தானே ரீச்சர்? பிள்ளை சரியாத்தானே சொல்லுறாள்!"

ரீச்சருக்குத் தலை சுத்திச்சுது. "எங்க, தொட்டு எண்ணிக் காட்டுங்கோ."

மத்தேயு முதல் மீனை விட்டிட்டு, ரெண்டாவதில "ஒண்டு" எண்டு தொடங்கினார்.

"முதல் மீன்?"

"அது அந்தோனியாருக்கு. பிடிக்கிறதில முதல் மீன் கோயிலுக்குக் குடுக்கிறது. எங்கட கணக்கில சேராது."

ரீச்சர் சிரிச்சுக்கொண்டு அப்பிள் சீடியை உறையில போட்டா. "இதுதான் கடைக்குப் போகுது. நிதர்சனா, கொம்பியூட்டர் கடலுக்குப் போனதில்லை. அதுக்காக முதல் மீனையும் சேத்து எண்ணுவமே?"

நிதர்சனா முதல் மீனில விரலை வைச்சாள்.

"அப்ப அந்தோனியாருக்கு ஆர் குடுக்கிறது ரீச்சர்?"