டியூக்குக்கு ஒரு பரீட்சை

"பறவை வேட்டைக்குப் பழக்குற நாயை சைவ வீட்டுல வளக்கலாமா மாப்ள? இன்னைக்கே திருப்பி அனுப்பிரும்" என்றார் நல்லசிவம். காலையில் கபாலி கோயிலுக்கென்று கிளம்பியவர், நெற்றி நிறைய விபூதியோடு அப்போதுதான் மகள் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த மருமகன் கருணாகரன் கெஞ்சினான்.

"ஞாயித்துக்கிழமை நாய்க் கண்காட்சி மாமா. டியூக் கண்டிப்பா கப்பு வாங்கும். பறவை வாசனை பட்டுட்டா அப்படியே நின்னு, முன்னங்காலைத் தூக்கிக் காட்டும். தோட்டத்துல காடை இறகு ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்கேன். நீங்களே பாருங்க."

"தப்பா காட்டுச்சுன்னா நாயை அனுப்பிரணும்" என்றாள் அவன் மனைவி வடிவு.

அவிழ்த்துவிட்டதும் டியூக் தோட்டத்துப் பக்கமே திரும்பவில்லை. நேராக நல்லசிவத்திடம் வந்தது. அவருடைய வலது கைக்கு முன்னால் மூக்கை நீட்டி, முன்னங்காலைத் தூக்கி, சிலை போல நின்றுவிட்டது.

வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கப்பா பறவையாக்கும்? அனுப்பிருங்க அத்தான்."

கருணாகரன் சங்கிலியை எடுத்தான்.

"இருந்துட்டுப் போகட்டும் வடிவு. பாவம், வாயில்லா ஜீவன்" என்றார் நல்லசிவம்.

இவ்வளவு நேரம் குதித்தவரா இது என்று பார்த்துக்கொண்டே வடிவு இலை போட உள்ளே போனாள். நல்லசிவம் மருமகன் காதருகே குனிந்தார்.

"காடை இறகுல பழக்கின நாய்தானே மாப்ள? மிலிட்டரி ஓட்டல்ல இன்னைக்குக் காடை தீந்துபோச்சு. கவுதாரிதான் தின்னேன். அதையும் கண்டுபிடிச்சிட்டுதே. கப்பு நமக்குத்தான்."