நிதானமான குரல்

"புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்" என்றது தரையில் கிடந்த போன், நான்காவது முறையாக.

"அம்மாவுக்குப் போன் போடு!" ரிஸ்வானா மீண்டும் அலறினாள். கண்ணாடி அறுத்த அத்தாவின் முன்கையை இரண்டு கைகளாலும் துண்டோடு அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் தளர்ந்தாலும் ரத்தம் பீறிட்டது. கீழே மாவு மில் ஓடிய இரைச்சலில் அவள் கத்தியது யாருக்கும் எட்டவில்லை.

"அன்னைக்கு நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசித்தானே அதைப் பழக்குன பாப்பா," என்றார் அத்தா, உதடு வெளுத்து. "இப்படிக் கத்துனா நீ யாருன்னே அதுக்குத் தெரியாது."

போன் வாங்கிய அன்று, தலை துவட்டிக்கொண்டே பத்து வாக்கியங்கள் வாசித்த குரலைத் தேடி எடுத்தாள். "அம்மாவுக்குப் போன் போடு." உடனே மணி போனது.

"அம்மா, அத்தா கையில கண்ணாடி வெட்டிருச்சு. ரத்தம் நிக்கல. வாங்க."

"போன வாரம் பாம்புன்னு சொல்லி ஓடி வரவச்சு, அத்தாவும் மகளும் சிரிச்சீங்க. நெசமா இருந்தா இப்படியாடி பேசுவ?"

அத்தாவின் தலை அவள் தோளில் சரிந்தது. அலறத்தான் வாயைத் திறந்தாள். "அத்தா கண்ண மூடிட்டாங்கம்மா" என்று அதே நிதானமான குரல்தான் வந்தது.

"போதும்டி. தையல முடிச்சுட்டு வரேன்." அம்மா வைத்துவிட்டாள்.

அம்மாவை மறுபடியும் போன் கூப்பிட்டுக் கொடுத்துவிடும். சற்றுமுன் இங்கே அலறிக்கொண்டிருந்த ரிஸ்வானாவை எந்தக் குரலில் கூப்பிடுவது?