ஒரு வாரம் தாங்கும் கிரீஸ்

அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, போன வாரம் பழையதாக வாங்கிய எம்பிராய்டரி மெஷின். ஓடவிட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் கத்துகிறது. ஜன்னல் கண்ணாடி கூடவே ஒத்து ஊதுகிறது. இதை நம்பி வேலையை விட்ட கணவர் சுவரோடு சுவராக நிற்கிறார். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷினில் ஊன்றி, பிடியில் காதை வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கேட்கிறார். பிறகு மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுக்கிறார். விரலெல்லாம் நீலக் கிரீஸ்.

"பேரிங் செத்துப்போச்சு. இதுக்குப் பார்ட்டே வர்றதில்ல," என்றவர் விரலை மோந்து பார்த்து முகம் மலர்கிறார். "அட, நான் அடைச்ச கிரீஸ்! விக்கிற வரைக்கும் சத்தம் வரக்கூடாதுன்னு இதோட பழைய ஓனரு கேட்டாரு."

"மனுஷனாய்யா நீ?" கணவர் பாய்ந்து அவர் சட்டையைப் பிடிக்கிறார்.

மனைவி நூல்கண்டைக் கீழே வைக்கிறாள். "அண்ணே, திரும்ப அடைச்சா எத்தனை நாள் தாங்கும்?"

"ஒரு வாரம்."

"ஏங்க, உங்க தங்கச்சி மெஷின் வேணும்னு கேட்டுட்டே இருந்தாளே?"

கணவர் பிடியை விட்டு, மெக்கானிக்கின் சட்டையை நீவிவிடுகிறார். போனை எடுக்கிறார். "சத்தமே இல்லம்மா, பூனை மாதிரி ஓடுது. உனக்குன்னா விட்டுக்கொடுக்கறேன்."

ஸ்பீக்கரில் தங்கை அழுதே விடுகிறாள். "நாளைக்கே வேலைய விட்டுடறேண்ணா."

மெக்கானிக் கிரீஸ் டப்பாவைத் திறக்கிறார்.